மேட்சிங் பாயின் சென்சார் கடை

மேரு தொழிற்பேட்டையில் அய்யூப்பின் கடைக்குள் நுழைய வேண்டுமானால் செருப்பைக் கழற்ற வேண்டும். கார் சாமான் விற்கும் கடையில் இப்படி ஒரு வழக்கம் கிள்ளான் வட்டாரத்தில் வேறெங்கும் இல்லை. முழங்கைவரை எண்ணெய்க் கறையோடு வரும் போமன்கள், அதாவது மெக்கானிக்குகள், வாசலில் நின்று, தாங்கள் வந்தது வண்டி ரிப்பேருக்குச் சாமான் வாங்கவா, பெண் பார்க்கவா என்று ஒரு கணம் குழம்புவார்கள்.

உள்ளே தரையில் மெத்தை. மெத்தைமேல் வெள்ளை விரிப்பு. சுவரை ஒட்டிக் கூரைவரை சேலை அட்டைப்பெட்டிகள்.

"வாங்கண்ணே, உக்காருங்க. என்ன கலர்ல பாக்கறீங்க?"

கிராங்க் ஷாஃப்ட் சென்சார் வாங்க வந்தவரிடம் அய்யூப் கேட்கும் முதல் கேள்வி இது.

அவன் வளர்ந்த விதம் அப்படி. கிள்ளானில் அவர்களுடையது துணிக்கடைக் குடும்பம். கடை இப்போது அண்ணன் நஜ்முதீன் கையில். மீசை அரும்பிய நாளிலிருந்து அய்யூப் அங்கே ரவிக்கைத் துணிப் பகுதியில் நின்றான். பெண்கள் சேலையைக் கொண்டுவந்து மேசைமேல் போடுவார்கள். அவன் ஒரு பார்வை பார்ப்பான். திரும்பி நூற்றுக்கணக்கான துணிச்சுருள்களில் ஒன்றை உருவிப் போடுவான். வெளிச்சத்தில் கொண்டுபோய்ப் பார்க்கிற பெண்கள், தலையாட்டிக்கொண்டே திரும்பி வருவார்கள். மயில்கழுத்து நிறத்தில் பதினைந்து வகை உண்டு என்பது உலகத்தில் பலருக்குத் தெரியாது. அய்யூப்புக்குத் தெரியும். ஊரே அவனை மேட்சிங் பாய் என்றது.

ஆனால் அவனுக்கு ஆசையெல்லாம் என்ஜின்மேல். மேருவில் ஹாஃப் கட் யார்டுகள் வந்தபோது, துணி டெலிவரிக்குப் போகிற சாக்கில் அங்கேயே நின்றுவிடுவான். ஜப்பானில் பழைய கார்களைக் குறுக்கே அறுத்து, என்ஜின் இருக்கும் முன்பாதியை மட்டும் கப்பலேற்றி அனுப்புவார்கள். கிள்ளான் துறைமுகத்தில் இறங்கும் அந்தப் பாதிக் கார்களில் என்ஜின் உடனே விலைபோகும், கியர்பாக்ஸ் விலைபோகும். சின்னச் சாமான்களையெல்லாம் யார்டு முதலாளியான தவுக்கே கழற்றித் தகர டிரம்மில் எறிந்துவிடுவார். அந்த டிரம்களை ஒட்டுமொத்தமாக எடுத்துக்கொண்டான் அய்யூப்.

அது 1994. கார்பரேட்டர் வண்டிகள் குறைந்து, கம்ப்யூட்டர் வைத்த என்ஜின்கள் பெருகிக்கொண்டிருந்த நேரம். என்ஜினின் கிராங்க் ஷாஃப்ட் சுற்றும்போது அது எந்த இடத்தில் இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்கு ஒரு சென்சார் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அது சொன்னால்தான் சரியான கணத்தில் பொறி விழும். சொல்லாவிட்டால் என்ஜின் சும்மா சுற்றும், பற்றாது. கட்டைவிரல் பருமன் சாமான். அது செத்தால் முழு வண்டியும் செத்தது. புதிதாக வேண்டுமென்றால் ஜப்பானிலிருந்து வரும்வரை காத்திருக்க வேண்டும். அய்யூப்பிடம் பெட்டி பெட்டியாக இருந்தது.

"தம்பி," என்றார் நஜ்முதீன், "நோன்புப் பெருநாள் வரைக்கும் இந்த இரும்பு வியாபாரத்தப் பண்ணிப் பாரு. அதுக்குள்ள நிலைச்சுட்டா நான் வாயத் திறக்க மாட்டேன். இல்லன்னா பெருநாள் கூட்டத்துக்குக் கடையில வந்து கஜக்கோலப் புடிக்கணும். அப்புறம் பேச்சு கிடையாது."

"சரி நானா," என்றான் அய்யூப். அண்ணன் பேச்சு மாறாதவர் என்பது அவனுக்குத் தெரியும். கஜக்கோலைக் கனவில் பார்த்தாலும் அவனுக்குத் தோள் வலித்தது.

கடையைத் துணிக்கடை மாதிரியே அடுக்கினான். சாம்பல் நிறம் ஒரு பெட்டி, கறுப்பு ஒரு பெட்டி, பழுப்பு ஒரு பெட்டி. அதற்குள் இரண்டு கம்பி, மூன்று கம்பி. வருகிறவர் பழைய சென்சாரை வெள்ளை விரிப்பில் வைப்பார். அய்யூப் ஒரு பார்வை பார்ப்பான். கை பின்னால் போகும். அதே உடம்பு, அதே பிளக், அதே நிறக் கம்பி. இரட்டைப் பிள்ளை மாதிரி இன்னொன்று பக்கத்தில் வந்து உட்காரும்.

இவற்றில் மூன்று சாதி உண்டு என்று அவனுக்குக் காதுவழிச் செய்தியாகத் தெரியும். காந்தமும் செப்புக்கம்பிச் சுருளும் உள்ளவை. 'ஹால்' என்ற பெயரில் வருபவை. விளக்கும் கண்ணும் வைத்து, நடுவே ஓட்டைத் தகடு சுற்ற, வெளிச்சத்தை எண்ணுபவை. தெரியும், ஆனால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்து வைத்தான். கண் வகைக்குள் எண்ணெய் இறங்கினால் அதற்குப் பார்வை போய்விடும் என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. அந்த வகையை வாங்கிப் போனவர்கள் இரண்டாம் முறை வரவில்லை. நோன்பு தொடங்க இன்னும் சில வாரமே இருந்தது; பெருநாளோ நெருங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் பிரிக்பீல்ட்ஸ் மாணிக்கம் வந்தார்.

மாணிக்கம் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் ரயில் தண்டவாளத்துக்குப் பின்னால் வொர்க்‌ஷாப் வைத்திருப்பவர். பிரிக்பீல்ட்ஸ் போமன்கள் எல்லோரும் அவர் வாயைப் பார்ப்பார்கள். அவர் ஒரு கடையை நல்ல கடை என்றால் மறுநாள் பத்துப் பேர் அங்கே நிற்பார்கள். எண்ணெய்க் கடையில் கலப்படம் என்றால் அந்தக் கடைக்காரர் வேறு தொழில் பார்க்க வேண்டியதுதான். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு மெத்தையின் நுனியில் உட்கார்ந்தார்.

"என்னா பாய், காபி கலர்ல ஒண்ணு எடுத்துப் போடுங்கன்னு கேக்கணுமா?"

"நீங்க பழச வைங்கண்ணே, போதும்."

நல்லம்மாள் வேனின் சென்சார் அது. பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை நடத்தும் நல்லம்மாளுக்கு ஜப்பான் பெட்ரோல் வேன் ஒன்று உண்டு. காலையில் ஒழுங்காக ஓடும். வெயில் ஏறி என்ஜின் சுட்டதும் நடுரோட்டில் நின்றுவிடும். ஆறினால் மறுபடி ஓடும். சாம்பல் நிற உடம்பு, சாம்பல் பிளக், மூன்று கம்பி. அய்யூப்பின் கை பின்னால் போனது. பக்கத்தில் வந்து உட்கார்ந்ததைப் பார்த்து மாணிக்கம் விசிலடித்தார்.

"அலாமா! அண்ணன் தம்பி மாதிரி இருக்கு. நாளன்னிக்கு கிள்ளான்ல கல்யாணம், ஆன்டி சாப்பாடு கொண்டு போவணும். இது ஓடிச்சுன்னா பாருங்க, பிரிக்பீல்ட்ஸே ஒங்க கடை மெத்தையில வந்து படுக்கும்."

அன்று அய்யூப் மதியச் சாப்பாட்டைக்கூட மறந்து சிரித்துக்கொண்டிருந்தான். மறுநாள் மத்தியானம் தொலைபேசி வந்தது.

"பாய்," என்றார் மாணிக்கம். குரலில் விசில் இல்லை. "காடி ஸ்டார்ட்டே ஆவல. முன்னயாவது காலையில ஓடிச்சு. இப்ப அதுவும் போச்சு. பெட்டியத் தூக்கிக்கிட்டு நீங்களே வாங்க."

சாம்பல் பெட்டிகளை மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டினான். மனம் கேட்காமல் பழுப்புப் பெட்டியையும் கட்டினான். சேலை படம் போட்ட அட்டைப்பெட்டிகள் ஃபெடரல் ஹைவேயில் காற்றில் படபடத்தன. கல்யாண வீட்டுக்குச் சீர் கொண்டு போகிறான் என்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

வேன், நல்லம்மாள் கடையின் பின்வாசலில் நின்றது. அடுப்படி அங்கேதான். நல்லம்மாள் கையில் கரண்டியோடு நின்றார்.

"நீதானா அந்த மேட்சிங் பாய்? என் ரவிக்கைக்குத் துணி குடுத்தப்ப நல்லாத்தான குடுத்த? இந்த வேனு ஒனக்கு என்னாப்பா பண்ணுச்சு?"

"பாத்துடலாம் ஆன்டி."

"நாளைக்கு அறுநூறு எலை. வேனு நகரலன்னா சாம்பார் அண்டாவ ஒன் தலையில ஏத்தி கிள்ளானுக்கு நடத்திக் கூட்டிட்டுப் போயிருவேன்."

பெட்டியில் அதே ஜாடையில் இன்னும் இரண்டு இருந்தன. மாற்றிப் பார்த்தார்கள். என்ஜின் சுற்றியது, பற்றவில்லை. மூன்றும் ஒன்றுபோல் ஊமை. மாணிக்கம் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்:

"பாய், கோவிச்சுக்காதீங்க. சாயங்காலம் நம்ம பசங்க டீ குடிக்க வருவானுங்க. சாமான் எப்படின்னு கேப்பானுங்க. நான் பொய் சொல்ற ஆளு இல்ல."

கோபித்திருந்தால்கூடத் தேவலை. அய்யூப்புக்கு அண்ணன் கடையின் கஜக்கோல் கண்ணெதிரே நின்றது. ஆன்டியின் அனுமதியோடு கல்லாவிலிருந்த போனை எடுத்து வீட்டுக்கு அடித்தான். எடுத்தது மனைவி சௌதா.

"வர நேரமாவும் புள்ள."

"குரலு ஏன் மச்சான் இப்படி இருக்கு?"

சொன்னான். மூன்றும் அச்சு அசலாக அதே நிறம், அதே ஜாடை, ஆனாலும் ஓடவில்லை என்று ஒரு துணிக்காரன் எப்படிப் புலம்புவானோ அப்படிப் புலம்பினான். மறுமுனையில் சௌதா சிரிக்கும் சத்தம் கேட்டது.

"என்னா சிரிப்பு?"

"ஏன் மச்சான், எங்க வாப்பா கல்யாணத்துக்குக் குடுத்த பட்ட நீங்க என்னா பண்ணீங்க? கலர பாத்தா நம்புனீங்க? முந்தானையில ஒரு நூல உருவி, எல்லார் முன்னாலயும் கொளுத்தி மோந்து பாத்தீங்களே! மாமியா வீட்டுப் பட்டுக்கே அந்தச் சோதனை. இரும்ப மட்டும் ஏன் கலர பாத்து வாங்கி வச்சிருக்கீங்க?"

அய்யூப் போனை வைத்தான். வைத்த கையை எடுக்கவில்லை. பருத்தி காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாகும். பட்டு மயிர் கருகும் நாற்றம் அடிக்கும். நைலான் உருகி மணியாகும். இதை அவன் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். நிறம் என்பது சாயப் பட்டறையின் வேலை, நூலின் வேலை இல்லை என்று எத்தனை வாடிக்கைக்காரர்களுக்குச் சொல்லியிருக்கிறான்!

"மாணிக்கண்ணே! மீட்டர் இருக்கா? முள்ளு ஆடுற மீட்டர்?"

"இருக்கு. ஏன்?"

"காந்த வகைன்னா அது தானா கரண்டு உண்டாக்கும்னு சொல்வாங்களே, நெசமா?"

மாணிக்கம் அவனைப் பார்த்தார். பிறகு தன் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அடச்சீ. நான் எதுக்கு இருக்கேன்! இது எனக்குத் தெரியும் லா. ஜாடை அவ்வளவு பொருந்திச்சா, நானும் அப்படியே மயங்கிட்டேன்."

வேனின் பழைய சென்சாரை எடுத்து, மீட்டரின் இரண்டு ஊசிகளையும் அதன் கம்பிகளில் மாட்டினார்கள். மாணிக்கம் அதன் மூக்குக்கு முன்னால் ஸ்பானரை விசுக்கென்று வீசினார். முள் துள்ளியது. இன்னொரு முறை வீசினார். மறுபடி துள்ளியது. பேட்டரி இல்லை, ஒன்றும் இல்லை. காந்தத்தின் முன் இரும்பு ஓடினாலே அந்தச் சுருளுக்குள் கரண்டு பிறக்கிறது. மூன்றாவது கம்பி எதனோடும் சேரவில்லை. மற்ற இரண்டின் மேலும் சுற்றிய வெறும் போர்வை அது.

அய்யூப் கொடுத்த மூன்றையும் அப்படியே மாட்டி வீசினார்கள். முள் அசையவில்லை. பிறகு ஒன்றுக்கு மட்டும் பேட்டரி கொடுத்து, மூன்றாம் கம்பியில் ஒரு பொட்டு விளக்கை மாட்டினார் மாணிக்கம். ஸ்பானர் அருகே வந்தால் விளக்கு எரிந்தது. விலகினால் அணைந்தது.

"ஹால்," என்றார் மாணிக்கம். "நல்ல சாமான், உயிரோடதான் இருக்கு. ஆனா இதுக்குச் சோறு போட்டாத்தான் வேல செய்யும். நம்ம வேனு சோறு போடாத வீடு."

"நான் பருத்தி கேட்டவங்களுக்குப் பட்டக் குடுத்துட்டேன்," என்றான் அய்யூப்.

"ரெண்டு பேரும் வெளயாடுறத நிறுத்திட்டு எனக்கு எது வேணுமோ அதக் குடுங்கப்பா," என்றார் நல்லம்மாள்.

இப்போது பெட்டிகளைக் கவிழ்த்தான் அய்யூப். மீட்டர் பேச ஆரம்பித்தது. சாம்பல் பெட்டி முழுக்கத் தேடியும் வேனின் துளையில் பொருந்தும் காந்த வகை ஒன்றுகூட இல்லை. பழுப்புப் பெட்டியில் இரண்டு கிடைத்தன. பழுப்பு உடம்பு, கறுப்பு பிளக், ஒன்றின் கம்பி வெட்டிக் குட்டையாகக் கிடந்தது. அவனுடைய கண்ணுக்கு அது கிளிப்பச்சைச் சேலைக்குச் செங்கல் நிற ரவிக்கை. கை கூசியது.

"இது ஜோடியே சேரலயேண்ணே."

"அது என்ஜினுக்கு அடியில கெடக்கப் போவுது பாய். எவன் குனிஞ்சு பாத்து அழகா இல்லன்னு சொல்லப் போறான்?"

ஆனால் ஒரு கேள்வி மிச்சமிருந்தது. பழையதும் குளிரில் நன்றாகத்தானே துள்ளுகிறது? சுட்டால்தானே சாகிறது? இவை சுட்டால் சாகாது என்று யார் சொன்னது?

அய்யூப்பின் கண் அடுப்பின் பக்கம் திரும்பியது. நல்லம்மாள் அதைப் பார்த்துவிட்டார்.

"என் இட்லிப் பானைய ஏன்டா பாக்குற?"

"ஆவியில கொஞ்சம் காட்டணும் ஆன்டி. இட்லி எடுத்தாச்சுல்ல?"

"எஞ்சின் சாமானுக்கு இட்லிப் பானையா! நாளைக்குச் சாப்பிடுறவன் சட்னில கிரீஸ் வாசம்பான்."

"வேனு நின்னா சட்னியே கெடைக்காது ஆன்டி," என்றார் மாணிக்கம்.

நல்லம்மாள் மூக்கைச் சுளித்துக்கொண்டு ஒரு பழைய பானையைத் தேடி எடுத்து வைத்தார். சென்சார்களைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, கம்பியை வெளியே விட்டு, கொதிக்கும் ஆவியில் தொங்கவிட்டார்கள். முதலில் பழையது. எடுத்ததும் ஸ்பானரை வீசினார்கள். முள் செத்துக் கிடந்தது. விசிறியடியில் ஆறவைத்தார்கள். துள்ளியது. உள்ளே எங்கோ சுருளில் ஒரு முறிவு; சூட்டில் விரிந்து விலகி, ஆறினால் ஒட்டிக்கொள்கிறது. அடுத்தது பழுப்பில் முதலாவது. அதுவும் சூட்டில் செத்தது. கம்பி குட்டையான இரண்டாவது, ஆவி பறக்க வெளியே வந்தபோதும் துள்ளியது. இன்னும் ஒருமுறை பானையில் போட்டார்கள். இன்னும் துள்ளியது.

"வெந்துருச்சு," என்றார் நல்லம்மாள், எட்டிப் பார்த்தபடி. "எறக்கிடுங்க."

மாட்டுவதற்கு முன்னால் மாணிக்கம் நாளைய கல்யாணப் பத்திரிகையைக் கேட்டு வாங்கினார். அதை இரண்டாக மடித்து, சென்சாரின் மூக்குக்கும் கிராங்க் ஷாஃப்ட் சக்கரத்தின் பல்லுக்கும் நடுவே நுழைத்து, அந்த இடைவெளியில் போல்ட்டை முறுக்கிப் பத்திரிகையை உருவினார். ஒட்டினால் உரசும், விலகினால் காந்தத்துக்கு எட்டாது. மாப்பிள்ளை பெயரும் பெண் பெயரும் நடுவே இருந்து அளவு சொல்லின. பொருந்தாத பிளக்கை வெட்டிவிட்டு, கம்பிகளை முறுக்கி டேப் சுற்றினார். சாவியைத் திருப்பினார்.

பற்றியது. அய்யூப் குதித்தேவிட்டான். ஆனால் மாணிக்கம் ஆக்சிலேட்டரை மிதித்ததும் வேன் குலுங்கியது. காய்ச்சல்காரன் போல நடுங்கி, பட்பட்டென்று வெடித்தது.

"போச்சா?"

"இருங்க லா. ஓடுது, ஆனா ஒழுங்கா ஓடல." மாணிக்கம் யோசித்தார். அய்யூப்பும் யோசித்தான். அவனுக்குத் தோன்றியது துணிக்காரன் யோசனைதான்.

"அண்ணே, துணிக்கு உள்பக்கம் வெளிப்பக்கம் உண்டு. தலைகீழா தச்சாலும் சட்டைதான். ஆனா போட்டா தப்புத் தெரியும். இந்த ரெண்டு கம்பிக்கு அப்படி உண்டா?"

மாணிக்கம் குனிந்து டேப்பைப் பிரித்து, இரண்டு கம்பிகளையும் இடம் மாற்றி முறுக்கினார். இப்போது மிதித்தபோது வேன் நெய்யில் வழுக்குவது போல ஓடியது. நல்லம்மாள் கரண்டியால் வேனின் கதவை ஒரு தட்டுத் தட்டினார்.

"நாளைக்கு நீயும் ஏறணும்," என்றார் அய்யூப்பிடம். "பானையில பாத்தது போதாது. ரோட்டுல பாக்கணும்."

மறுநாள் வெயில் உச்சியில் இருந்தபோது வேன் ஃபெடரல் ஹைவேயில் ஊர்ந்தது. மாணிக்கம் ஓட்டினார். நல்லம்மாள் முன்னால். பின்னால் சாம்பார் அண்டாவுக்கும் பாயச அண்டாவுக்கும் நடுவே, வடைத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு அய்யூப். பத்து தீகா என்ற இடத்து டோல் சாவடிக்கு முன்னால் ஜாம். வேன் வழக்கமாக நிற்கும் இடம் அதுதான். சூட்டு முள் ஏறியது. நல்லம்மாள் முருகனை அழைத்தார், அய்யூப் அல்லாஹ்வை அழைத்தான், மாணிக்கம் முன்னால் நின்ற லோரிக்காரனின் தாயை அழைத்தார். வரிசை நகர்ந்தது. வேனும் நகர்ந்தது. டோலைத் தாண்டி ஷா ஆலாம் சரிவில் வேகம் பிடித்ததும் நல்லம்மாள் திரும்பிப் பார்த்தார்.

"வடையில கைய வச்சியா?"

"ரெண்டு ஆன்டி. பயத்துல."

கிள்ளான் மண்டபத்தில் இறங்கும்போது இரண்டு கையிலும் வடைத் தட்டு. வாசலில் வெள்ளைச் சட்டையும் அத்தர் மணமுமாக நஜ்முதீன். கல்யாணத் துணியெல்லாம் அவர் கடையில் எடுத்தது, அதனால் முன்வரிசை மரியாதை. தம்பியை ஏற இறங்கப் பார்த்தார்.

"இரும்பும் போயி, இப்ப சமையலுக்கு வந்துட்டியா?"

அய்யூப் வாயைத் திறப்பதற்குள் மாணிக்கம் சாம்பார் அண்டாவின் ஒரு காதைப் பிடித்தபடி குறுக்கே வந்தார்.

"ஒங்க தம்பியா முதலாளி? திங்கக்கிழமையிலருந்து இவரக் கல்யாணத்துக்குக்கூடக் கூப்புடாதீங்க, கடையில அவ்வளவு கூட்டம் இருக்கும். நம்ம பசங்க நாலு பேருக்கு நேத்தே சொல்லிட்டேன். சாமான எடுத்து மீட்டர்ல மாட்டி, ஆவியில காட்டி, அப்புறந்தான் கையில குடுப்பாரு. நான் முப்பது வருசமா போமன், எவனும் எனக்கு வேவச்சுக் குடுத்ததில்ல."

நஜ்முதீன் தாடியைத் தடவினார். பேச்சு மாறாதவர், ஆனால் பெருநாள் கூட்டம் கண்ணில் தெரிந்தது.

"அப்ப ரவிக்கத் துணிப் பக்கம் யாருடா நிப்பா?"

"சௌதாவக் கேட்டுப் பாருங்க நானா," என்றான் அய்யூப். "ஆனா ஒண்ணு. நூலு நூலா உருவிக் கொளுத்திப் பாத்துட்டுத்தான் ஒங்க சரக்க விப்பா."

"ஆத்தீ, வேணாம்!" என்று நஜ்முதீன் சொன்னார். சொல்லிவிட்டு, தட்டிலிருந்து ஒரு வடையை எடுத்துக்கொண்டு பந்தியை நோக்கி நடந்தார்.